ஆறு மணி டோக்கன்

விதி இதுதான். வாக்குச்சாவடி வாசலில் வாக்காளரின் உடல் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் குறையவில்லை என்றால் அவர் கையில் ஒரு டோக்கன் கொடுத்து, வாக்குப்பதிவின் கடைசி ஒரு மணி நேரத்தில் வரச் சொல்ல வேண்டும். அதாவது மாலை ஆறிலிருந்து ஏழுக்குள். தொற்றுக் காலத் தேர்தலுக்காக வந்த நெறிமுறைகளில் இதுவும் ஒன்று. மேசையில் வைத்துப் படித்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் முறை பார்ப்பதற்கும் மறுமுறை பார்ப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. பத்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள் என்று பயிற்சி வகுப்பில் நானே எழுந்து சொன்னேன். எழுதிக்கொண்டவர்கள் உண்டா என்று தெரியாது. சொன்ன நானே அதைச் செய்யவில்லை என்பது மட்டும் தெரியும்.

2020 ஜூன் மாதம் நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். எனக்காகச் சால்வைகூட வாங்கி அலுவலக பீரோவில் வைத்துவிட்டார்கள். அதற்குள் ஓய்வு வயதை ஐம்பத்தொன்பது ஆக்கினார்கள். அது முடிவதற்குள் அறுபது ஆக்கினார்கள். சால்வையைப் பூச்சி அரித்தது. எனக்கு 2021 சட்டமன்றத் தேர்தல் வாய்த்தது. துணை வட்டாட்சியர் பதவியில் இருந்த எனக்குக் கல்வராயன் மலையில் சில வாக்குச்சாவடிகளைச் சுற்றிப் பார்க்கும் மண்டல அலுவலர் வேலை. ஒரு ஜீப், ஒரு ஓட்டுநர், ஒரு காவலர், ஒரு கட்டு படிவங்கள்.

தேர்தலுக்கு முந்தைய ஒரு மாதம் கள்ளக்குறிச்சியில் நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. சங்கராபுரம் சாலையிலும் சேலம் சாலையிலும் லாரி லாரியாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு தட்டில் பிரியாணி, ஒரு தொண்டையில் கோஷம், நூறு தொண்டைக்கு ஒரே தண்ணீர் டிரம், அதில் ஒரே டம்ளர். முகக்கவசம் எல்லோர் முகத்திலும் இருந்தது, தாடைக்குக் கீழே. அங்கே யார் நெற்றியிலும் யாரும் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. தலைவர் வந்து போகும் கூட்டத்தில் கிருமிக்கு அனுமதி இல்லை போலும்.

எங்களை மட்டும் குறை சொல்லாமல் விட முடியுமா? தேர்தல் பணியாளர்களுக்கு ஆறடி இடைவெளியைப் பற்றிய பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒரு நாற்காலியில் ஒருவர் என்று வரைபடம். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் என்று வருகை. சாப்பாட்டுப் பொட்டலம் வந்தபோது ஆசிரியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினோம். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, மோர் மிளகாய் வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டவர் மே மாதம் உயிரோடு இல்லை. எங்கே பிடித்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. அதற்குப் படிவம் கிடையாது.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு கடைசியில், வாக்காளர் பட்டியல் திருத்த முகாமுக்காக மலை மேலிருந்த ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் நேராக என் மேசைக்கு வந்து நின்றார். பள்ளத்தில் இருந்த ஒரு சிற்றூர். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம்.

"நான் செத்துட்டேன்னு எழுதிட்டாங்களாம் சார். நீங்களே பாருங்க, செத்தவ மாதிரியா இருக்கறேன்?"

பக்கத்தில் இருந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் தலையைச் சொறிந்தார். "மாமியாருக்கும் இவங்களுக்கும் ஒரே பேரு சார். மாமியார நீக்கறதுக்கு பதிலா இவங்கள நீக்கிட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவரு."

"மாமியாரு போயி ஆறு வருசம் ஆவுது," என்றார் அந்தப் பெண். "லிஸ்ட்டுல அவங்க உசுரோட இருக்காங்க, நான் செத்துட்டேன். வூட்ல இருந்தவரைக்கும் அவங்கதான் ஜெயிச்சாங்க. போயும் ஜெயிச்சிட்டாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெயர் இல்லாமல் இரண்டு தேர்தல் போய்விட்டதாம். ஓட்டுச்சாவடிக்குப் போய், எல்லோர் முன்னாலும் நீ செத்தவள் என்று சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். அதற்குப் பிறகு ஊரில் யாருக்காவது கோபம் வந்தால், "செத்தவளுக்கு இன்னாடி பேச்சு" என்பார்களாம்.

பெயர் சேர்ப்பதற்கான படிவம் ஆறை நானே நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். ஜனவரிப் பட்டியலில் பெயர் வந்தது. மாமியாரை முறைப்படி இறக்க வைத்தோம். என் பணிக்காலத்தில் ஒழுங்காகச் செய்து முடித்த வேலைகளில் ஒன்று என்று அதை நினைத்திருந்தேன்.

வாக்குப்பதிவு அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பள்ளிக்குப் போனேன். காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. சுண்ணாம்பில் வட்டங்கள் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் கையுறைகள், ஆளுக்கு ஒன்று, வலது கைக்கு மட்டும். இடது கை மை வைக்க வேண்டிய கை என்பதால் அதற்குத் தொற்று வராது என்று விட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் உறையைக் கழற்றித் தொட்டியில் போட வேண்டும். தொட்டி நிரம்பியதும் காற்று எடுத்துக்கொண்டது. பள்ளியைச் சுற்றியிருந்த உண்ணிச் செடிப் புதர்களில் எல்லாம் வெள்ளை விரல்கள் தொங்கின. இரண்டு ஆடுகள் அதை மென்றுகொண்டிருந்தன. தடுக்க யாருக்கும் உத்தரவில்லை.

வாசலில் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் வெப்பமானியோடு நின்றார். துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி. ஊர்க்காரர்களும் அதைத் துப்பாக்கி என்றுதான் சொன்னார்கள். அப்போதுதான் பள்ளத்து ஊரிலிருந்து பதினோரு பேர் ஏறி வந்து சேர்ந்தார்கள். ஒன்றரை மணி நேர ஏற்றம், ஏப்ரல் வெயில், பாதிக்கு மேல் மொட்டைப் பாறை. வழக்கமாக அவர்களை ஏற்றிவரும் மினி லாரி அன்று வரவில்லை. அதன் உரிமையாளர் ஒரு கட்சி முகவரின் தம்பி. வாக்காளரை வண்டியில் ஏற்றக் கூடாது என்ற விதியை முந்தின நாள் அவரிடம் எடுத்துச் சொல்லி எச்சரித்தவன் நான். ஆக, விதிப்படி நடக்க வைத்தோம். நடந்து வந்ததால் விதிப்படி நிறுத்தினோம்.

"நூறு தாண்டுதுண்ணா, தள்ளி நில்லு," என்றார் அங்கன்வாடிப் பணியாளர் முதலில் வந்தவரிடம்.

"வெயில்ல ஏறி வந்தா தாண்டாம இன்னா பண்ணும்? அந்தப் பாறை நெத்தியில வச்சுப் பாரு, அதுக்கும் காச்சல்னு தான் காட்டும்."

"பாறைக்கு ஓட்டு இல்லண்ணா. உனக்கு இருக்குது. தள்ளி நில்லு."

வரிசையாகப் பதினோரு பேருக்கும் அளவுக்கு மேல். உடனே மறுபடியும் வைத்துப் பார்த்தார். உடனே என்றால் அரை நிமிடம். மறுபடியும் அளவுக்கு மேல். உள்ளேயிருந்து வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வந்தார். சமவெளியில் ஏதோ ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். வெள்ளைத்தாள் மூன்றை நாலு நாலாகக் கிழித்து, ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு, 'மாலை 6 – 7' என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அச்சிட்ட டோக்கன் எங்களுக்கு வரவில்லை.

ஏழாம் எண் அந்தப் பெண்ணுக்கு. முந்தானையில் முடிந்து வைத்திருந்த புது அடையாள அட்டையை வெளியே எடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா சார், ஓட்டுப் போட வந்தா டோக்கன் குடுக்கறாங்க?"

"விதிம்மா. ஆறு மணிக்கு வந்தா போடலாம்."

அதே நேரத்தில் அந்தக் கூட்டத்தோடு கிளம்பிய ஒரு கிழவர் கடைசியாக வந்து சேர்ந்தார். வழியில் பலாமரத்து நிழலில் உட்கார்ந்து இரண்டு பீடி குடித்துவிட்டு வந்தாராம். வந்த வேகத்தில் குனிந்து நெஞ்சு பிளக்கிற மாதிரி இருமினார். நிமிர்ந்து நெற்றியைக் காட்டினார். அளவு சரியாக இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"பாத்துக்க சார்," என்றார் அந்தப் பெண். "பீடி குடிச்சிகினு வந்தவரு போடலாம். நேரா வந்தவ போடக் கூடாது."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு நிரூபித்துக் காட்ட முடியாது. தலைமை அலுவலரைத் தனியே அழைத்தேன். "பத்து நிமிசம் மரத்தடியில உட்கார வச்சு இன்னொரு தடவ பாத்துடலாமே சார்."

"டோக்கன் நம்பர் போட்டுட்டேனே சார். கிழிச்சா கணக்கு ஒதைக்கும். உள்ள ஏஜென்டுங்க வேற பாத்துக்கினு இருக்காங்க. நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சின்னா, காச்சல்னு தெரிஞ்சே உள்ள விட்டான்னு என் பேர்ல தான் வரும்."

நான் மேலதிகாரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் செய்திருப்பார். அதற்குள் கைபேசி அடித்தது. இன்னொரு சாவடியில், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டுக் காட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு எப்படியும் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஏறும்போது பின்னால் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கேட்டது இது.

"டீச்சர், இந்த டோக்கன் தவறிப் போச்சுன்னா?"

"தவற விடாத. டோக்கன் இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல, பத்திரமா வச்சுக்க," என்றார் அங்கன்வாடிப் பணியாளர்.

அந்தப் பதில் சரியான பதில். அதைக் கேட்டவர்களும் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த ஓராண்டில் டோக்கன் என்ற சொல்லுக்கு மலையில் என்ன பொருள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஊரடங்கில் நிவாரணத்துக்கு டோக்கன். இலவச அரிசிக்கு டோக்கன். பொங்கல் பரிசுக்கு டோக்கன். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் போக முடியாவிட்டால் குடி முழுகிவிடாது. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, விட்டுப்போனவர்களுக்கு என்று ரேஷன் கடையில் ஒரு நாள் வைப்பார்கள். டோக்கன் கையில் இருந்தால் உன் பங்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததும் நாங்கள்தான்.

ஐந்தே முக்காலுக்கு நான் திரும்பி வந்தபோது தலைமை அலுவலர் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். நீலக் கவுன், தலையுறை, கண்ணாடி. வியர்வை கண்ணாடிக்குள் குளம் கட்டியிருந்தது. ஆறு அடித்தது. ஆறரை ஆனது. வாசலில் பதினோரு வட்டங்கள் காலியாக இருந்தன. பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். பள்ளத்து ஊர்க்காரர்கள் ஒரு மணிக்கே இறங்கிப் போய்விட்டார்கள் என்றார்கள். ஆறு மணி வரை அங்கே உட்கார்ந்திருந்தால் சோறு கிடையாது. இருட்டிய பிறகு அந்தத் தடத்தில் கரடி கிடக்கும். அதுவும் விதியில் இல்லை.

ஏழு அடித்ததும் தலைமை அலுவலர் உடையை உரித்துச் சுருட்டிப் புதருக்குள் எறிந்தார். "ஒருத்தரும் வரல சார். நல்லதாப் போச்சு."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் என் கை வேறு வேலை செய்தது. மண்டல அலுவலர் அறிக்கையில் 'கடைசி ஒரு மணி நேரத்தில் வாக்களிக்க வந்தோர்' என்ற கட்டத்தில் 'இன்மை' என்று எழுதினேன். 'வாக்களிக்க இயலாமல் திரும்பியோர்' என்று ஒரு கட்டம் இல்லை. 'புகார்' என்ற கட்டம் இருந்தது. அதிலும் 'இன்மை'. ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. கையெழுத்துப் போட்டேன். டோக்கன் பட்டியலைப் போட்டு அனுப்ப எந்த உறையும் இல்லாததால், அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. அந்தப் பெண் தாலுகா அலுவலகத்துக்கு வந்தார். எழுத்தர் மேசையில் டோக்கனை நீவி விரித்து வைத்தார்.

"விட்டவங்களுக்கு எப்ப சார் போடறது?"

எழுத்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "யம்மா, பொட்டிக்கி சீல் வச்சி, ரூமுக்கு சீல் வச்சி, துப்பாக்கியோட ஆள் நிக்கறான். இது இன்னா பாமாயிலா, மிச்சம் இருந்தா ஊத்தறதுக்கு?"

பக்கத்து மேசைகளும் சிரித்தன. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை, அது ஒன்றும் பெருமை இல்லை.

"அன்னைக்கி கெழங்கு ஏத்தறதுக்கு லாரி வந்திருந்திச்சி சார். ஆளுங்க காத்துக்கினு இருந்தாங்க. டோக்கன்தான் இருக்குதேன்னு போயிட்டேன். எனக்கு காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயிலுதான்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் மேசை மேலிருந்த நூல்கண்டைப் பார்த்தேன்.

"சரி, போனது போவுது. நான் அன்னைக்கி வந்தேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க சார். அடுத்த வாட்டி வந்து பாத்துட்டு, இவ ஓட்டே போடல, செத்துட்டா போலன்னு எழுதிடுவாங்க. எங்கூர்ல இப்பவே பேச்சு வந்துட்டுது, செத்தவளுக்கு டோக்கன் குடுத்து அனுப்பிட்டாங்கன்னு."

ஓட்டுப் போடாததால் பெயரை நீக்க மாட்டார்கள் என்று விதி எண்ணோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். போன தடவை எந்த விதியில் நீக்கினார்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் எண் இல்லை. ஒரு காகிதம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, டோக்கனை நகல் எடுத்துக்கொண்டு அனுப்பி வைத்தேன்.

மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். 'படிவத்தில் இல்லாத விவரம்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு மேல் நான் எழுதவில்லை. என் ஓய்வூதியக் கோப்பு அதே மேசைகள் வழியாக நகர வேண்டியிருந்தது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2022 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றேன். வேறு சால்வை வாங்கியிருந்தார்கள். ஜூலையில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். அந்தச் சாவடியில் எத்தனை பேருக்கு ஆறு மணி டோக்கன் கொடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் எண் டோக்கனைப் பெற்றவர் அன்று நேரில் வந்தார் என்பதற்கான பதிவின் நகல். மூன்றே கேள்விகள். டோக்கன் நகலை இணைத்திருந்தேன். பதில் தர முப்பது நாள் என்கிறது சட்டம். முப்பது நாள் ஆனது. முதல் மேல்முறையீடு. அதற்கும் பதில் இல்லை. இரண்டாம் மேல்முறையீடு. இத்தனை காலம் இதே கடிதங்களை எப்படித் தாமதப்படுத்துவது என்று இளநிலை உதவியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு தந்திரமும் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியம் நான் வரைந்த வரைவிலிருந்து ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. மலைக்குப் போய் அதைச் சொல்லலாம் என்று இரண்டு முறை பேருந்து நிலையம் வரை போனேன். காகிதம் இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று திரும்பிவிட்டேன்.

கடைசியில் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. ஒரு பக்கக் கடிதம். டோக்கன் தொடர்பான பதிவேடு எதுவும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. மனுவுடன் இணைத்த சீட்டில் படிவ எண் இல்லாததால் அதைப் பரிசீலிக்க இயலாது. எனினும், மேற்படி சாவடியில் கடைசி மணி நேரத்தில் வாக்களிக்க யாரும் வரவில்லை என்பதற்கும், எவரும் புகார் தெரிவிக்கவில்லை என்பதற்கும் ஆதாரமாக மண்டல அலுவலரின் அறிக்கை நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பைப் பிரித்தேன். என் கையெழுத்து. இரண்டு கட்டங்களிலும் 'இன்மை', திருத்தம் இல்லாமல், தெளிவாக. அந்தப் பெண் அன்று மலையேறி வந்தார் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று இன்னும் அவர் முந்தானையில்தான் இருக்கிறது. அவர் வரவில்லை என்பதற்கான சான்று, முத்திரையோடு, என் கையில்.

பழக்க தோஷம். பேனாவை எடுத்துக் கடிதத்தின் வலது மேல் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்: 4.8.2023, ஆடிப் பெருக்குக்கு மறுநாள்.